இவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

1

இந்தக் கதை முழுக்க என் சொத்தல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஓர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது காதில் விழுந்த இரண்டு மூன்று வாக்கியங்கள்தான் இதன் முதலீடு. நான் போனது என் வீட்டுத் தண்ணீர் இணைப்பில் தப்பாக ஏறியிருந்த கதவு எண்ணைத் திருத்த. எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையிலிருந்த போனைக் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக உள்ளே நீட்டி, திரையில் எதையோ விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது நான்தான் தம்பி."

உள்ளே இருந்த எழுத்தர் நல்ல மனுஷன்தான். எரிந்து விழவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"இது நிழல்மா."

"ஆமா. என் நிழல்."

"நிழலுக்கெல்லாம் வருகை போட முடியாதும்மா. முகம் வேணும்."

நான் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. என் கழுத்து அதற்கென்றே ஒரு விரற்கடை கூடுதலாக வளர்ந்துவிட்டதாக அக்கா சொல்வாள். படத்தில் ஒரு வற்றிய குளம். மண்வெட்டியும் சட்டியுமாக ஒரு கூட்டம், பெரும்பாலும் பெண்கள். எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடி மண்ணில் படமெடுத்த ஆளின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. போனை உயர்த்திப் பிடித்த முழங்கைகள் நிழலின் இருபக்கமும் துருத்திக்கொண்டிருந்தன.

அதற்குள் அடுத்த ஜன்னலில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஆக, எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. அத்தனை பேரும் யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள்? மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்:

"கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்துவிட்ட அந்த ஏழைத் தொழிலாளியின் கண்களில்..."

(நிறுத்திவிட்டேன். கண்களில் என்ன இருந்ததோ, எனக்கென்ன தெரியும்? நான் பார்த்தது அவள் முதுகை.)

இரண்டாம் தொடக்கம்:

"வேலை உறுதித் திட்டம் என்பது, உடலுழைப்புக்குத் தயாராக இருக்கும் கிராமத்து ஆட்களுக்கு, கேட்டால் வேலை தருவோம் என்று அரசு கொடுத்த வாக்கு. வேலை கேட்டவரை அந்த வாக்கிலிருந்து நீக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் எழுதப்பட வேண்டும். அந்தக் காரணம்..."

(இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எந்தச் சுவத்துல ஒட்டப் போற?" என்று கேட்டாள். ஆனாலும் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

மூன்றாம் தொடக்கம்:

"அவளை எல்லோரும் ஸ்டூடியோ என்றுதான் கூப்பிட்டார்கள்."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதி மடித்த போர்வை மடியிலேயே நின்றது.

"ஏன் அப்படிக் கூப்பிட்டாங்க?"

அக்கா ஏனென்று கேட்டுவிட்டால் கதை பிழைத்துக்கொள்ளும். இது என் நீண்ட கால அனுபவம்.

3

அவளை எல்லோரும் ஸ்டூடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். திட்ட வேலையில் காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, எல்லோரையும் நிற்கவைத்துப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. படத்தை எடுக்க வேண்டியவர் வேலைத்தளப் பொறுப்பாளர். அவர் கையால் மட்டுமே எடுக்க வேண்டும், வேறு யாரும் அந்தப் போனைத் தொடக் கூடாது என்பது விதி.

பொறுப்பாளர் வேறு யாருமல்ல, ஸ்டூடியோவின் நாத்தனார். கணவனுக்கு அக்கா. படித்தவர், கணக்கில் புலி, கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் குளத்துக்கு அந்தப் பக்கம் மேயும் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். ஒரே ஒரு குறை. கை நடுங்கும். முதலில் எப்போதாவது நடுங்கியது, பிறகு எப்போதும் நடுங்கியது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வது அவருக்குப் பழகிவிட்டது. செயலிக்கு முன்னால் முந்தானை பலிக்கவில்லை. படம் கலங்கலாக வந்தது. மறுபடி எடு என்றது. மறுபடியும் கலங்கியது. வேலையாட்கள் வெயிலில் நின்று நின்று முகம் சுண்டிப்போனார்கள்.

"இப்படிக் குடுங்க அண்ணி," என்று அவள் போய் போனை வாங்கினாள். அப்போது அவளுக்கு இந்தப் பட்டப்பெயர் வரவில்லை. "என்னங்கடி இது, கடன்காரன் வந்து நிக்கிற மாதிரி எல்லாரும் மூஞ்சிய வெச்சிருக்கீங்க? ஏ பச்சைச் சேலை, சட்டிய இறக்கு, உன் மூஞ்சியே தெரியல. பல்லைக் காட்டுங்க. எல்லாம் இல்லாட்டி உள்ளதைக் காட்டுங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அழுத்தினாள். படம் துல்லியமாக விழுந்தது. ஆனால் செயலி இன்னும் ஏதோ முரண்டு பிடித்தது.

"தலை ஒண்ணு குறையுதாம் அண்ணி."

"குறையாம? நீதான் வெளிய நிக்கிறியே."

"அப்ப நீங்க போய் நில்லுங்க. பெரியவங்க நடுவுல நின்னாதான் படத்துக்கும் அழகு."

நாத்தனார் வேண்டாம் வேண்டாம் என்றபடியே போய், நட்டநடுவில், முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். தலைக்கணக்கு சரியாயிற்று. செயலி வாயை மூடிக்கொண்டது.*

(*எந்தச் செயலி தலை எண்ணும், எது எண்ணாது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். என் கதையில் எண்ணும்.)

கவனித்தீர்களா? கதையின் தப்பு முழுவதும் இங்கேதான் நடந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெரியவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டுச் சின்னவர்கள் படத்துக்கு நிற்பதா என்ற சங்கடம் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். அன்றிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது, ஸ்டூடியோ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எடுக்க வேண்டியவர் படத்துக்குள் நின்றார். நிற்க வேண்டியவள் படத்தை எடுத்தாள். எடுத்து முடித்ததும் போனைக் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோரோடும் குழிக்குள் இறங்கி மண் வெட்டினாள்.

4

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்கிறேன். முதல் வரைவில் நாத்தனாரை வில்லியாக எழுதியிருந்தேன். பொதுச் சுவர்த் தகராறு, அந்த ஆத்திரத்தில் தம்பி மனைவியின் பெயரை வேலையிலிருந்து எடுத்துவிடுகிறார் என்று. சுலபமாக ஓடியது, பக்கம் பக்கமாக வந்தது. அக்கா படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாத்தனார்னா வில்லியாத்தான் இருக்கணுமா?"

"கதைக்குத்தானே அக்கா."

"நானும் உன் பொண்டாட்டிக்கு நாத்தனார்தான். ஞாபகம் இருக்கட்டும்."

உள்ளே என் மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பு யார் பக்கம் என்று இன்றுவரை விளங்கவில்லை. வரைவைக் கிழித்துப் போட்டேன். வில்லி போன இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யாரை உட்காரவைப்பது என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது. பிறகுதான் தோன்றியது, யாரையும் உட்காரவைக்காமலே ஒரு பெயர் காணாமல் போகலாமே என்று. அப்போதுதான் எனக்கு இந்தக் கதை மீது உண்மையிலேயே ஆர்வம் வந்தது.

5

புதிதாக ஓர் உத்தரவு வந்தது. தலையை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் பொருந்த வேண்டும். எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய அறையில், ஓர் இயந்திரம் பழைய படங்களை எல்லாம் எடுத்து முகங்களைத் தேடியது. பச்சைச் சேலைக்காரி இருந்தாள். அவள் மாமியார் இருந்தார். தேவையில்லாமல் நாத்தனாரும் இருந்தார். கூடுதலாக இருப்பவரைப் பற்றி இயந்திரத்துக்குக் கவலை இல்லை. ஸ்டூடியோ எதிலும் இல்லை.

காலையில் வழக்கம்போல மண்வெட்டியோடு வந்தவளை நாத்தனார் கரையிலேயே நிறுத்தினார். போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"உன் பேர் வரலடி."

"நல்லாப் பாருங்க அண்ணி, கீழ இருக்கும்."

"எடுத்துட்டாங்க. வேலை செய்ய விருப்பமில்லாதவர்னு போட்டிருக்கு."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். "யாருக்கு விருப்பமில்ல? எனக்கா? நேத்து நான் வெட்டுன குழி அந்தா கிடக்கு. விருப்பமில்லாமயா அவ்வளவு ஆழம் போச்சு?"

யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பும் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது, வாய்விட்டே அழுதாள். கணவன் லாரியோடு போனால் எப்போது வருவான், என்ன கொண்டுவருவான் என்று சொல்வதற்கில்லை. அடுப்பு இந்த வேலையை நம்பித்தான் எரிந்தது. ஆனால் அழுதது அதற்காக மட்டும் இல்லை. காய்ச்சலோடு வந்து மண் சுமந்த நாள் அவள் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் கொஞ்சம் ஒட்டடை இருந்தால்கூட ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து வாழ்ந்தவளை, உழைக்க மனசில்லாதவள் என்று முகம் தெரியாத எவனோ எழுதிவிட்டான்.

(இங்கே "அவள் நெஞ்சில் ஒரு தீ..." என்று ஒரு வரி ஆரம்பித்தேன். அவளுக்கு வயிறு எரிந்தது. அது போதும்.)

மறுநாள்தான் அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். நாத்தனார் எப்போதோ அனுப்பிவைத்த ஒரு படம் அவள் போனில் இருந்தது. நிழலைக் காட்டினாள். எனக்குக் காதில் விழுந்தது அதுவரைதான். நான் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்த பிறகு நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

"பேரைத் திரும்பச் சேர்க்க வழி இருக்கும்மா," என்றார் எழுத்தர். "வர்ற ஊர்க் கூட்டத்துல, இவங்க வேலைக்கு வந்தாங்கன்னு கூட வேலை செஞ்சவங்க சொல்லணும். முகம் ஏன் படத்துல இல்லங்கிறதுக்குக் காரணம் எழுதணும். இந்தக் கூட்டத்தை விட்டா எடுத்தது எடுத்ததுதான்."

"காரணம் இதோ இருக்கே தம்பி. என் நிழல்."

எழுத்தர் நிமிர்ந்தார். "அப்ப படம் எடுத்தது நீங்களா? பொறுப்பாளர் எங்க போனாங்க?"

அவள் ஓட்டைக்குள் கையை விட்டுப் போனை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். போனை வேறு ஆளிடம் கொடுத்த பொறுப்பாளரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது குளக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

6

இப்போது இரண்டு பேரையும் ஒரு சமையலறையில் உட்காரவைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுதுவது சிரமம் என்பதால் அல்ல, யார் முதலில் பேசுவார்கள் என்று தெரியாததால்.

நாத்தனார்தான் பேசினார். சாயங்காலம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

"கூட்டத்துல சொல்லிடு. படமெல்லாம் நீதான் எடுத்தேன்னு சொல்லிடு."

"சொன்னா உங்க வேலை போயிடும்."

"போனா போகுது."

"போனா என்ன பண்ணுவீங்க?"

"உங்களோட சேர்ந்து மண்ணு சுமக்குறேன். பெரிய கம்ப சூத்திரமா?"

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் மொண்டு மேடையில் டங்கென்று வைத்தாள். "இதைச் சிந்தாம எடுங்க, அப்புறம் மண்ணு சுமக்கலாம்."

நாத்தனார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையை நீட்டவில்லை. அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஈரக் கையோடு போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் தவறி வந்துடுச்சு அண்ணி."

"சரியாத்தான் சொன்ன. உன் புருஷன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. அக்கா அக்கான்னு உருகி, வீட்டோட உட்காருன்னுடுவான். உட்கார்ந்தா நான் போய்ச் சேர்ந்துடுவேன்டி."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அதைத்தான் சொல்றேன்ல, சொல்லிடுன்னு."

"நீங்க சொல்லுன்னு சொல்றீங்க. உங்க மூஞ்சி சொல்லாதங்குது."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. நானும் பேசவைத்துப் பார்த்தேன், வரவில்லை.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அவள் கூட்டத்தில் உண்மையைச் சொல்கிறாள். பெயர் திரும்பி வருகிறது. மறுநாள் காலையில் புதுப் பொறுப்பாளர் ஒருவர் படமெடுக்கிறார், அவள் முதல் தடவையாகப் படத்துக்கு நிற்கிறாள். சிரி என்கிறார்கள்...

(சிரிக்கவைக்க என்னால் முடியவில்லை.)

அவள் வாயைத் திறக்கவில்லை. ஊரைவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறாள். (அக்கா: "தியாகியா? போதும்பா. பொம்பளைங்களைத் தியாகி ஆக்கிட்டு நீங்கல்லாம் நிம்மதியாத் தூங்குவீங்க.")

இரக்கமுள்ள ஓர் அதிகாரி வருகிறார், நிழலைப் பார்க்கிறார், எல்லாம் புரிந்துகொள்கிறார், இருவரையும் காப்பாற்றுகிறார். (அக்கா: "அவர் விலாசத்தைக் கொஞ்சம் குடு. எனக்கும் ஒரு வேலை ஆகணும்.")

8

கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. இதுவரை எழுதியதில் இந்த இடத்தில்தான் எனக்குக் கை வேகமாக ஓடியது.

அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டூடியோவின் பெயரைப் படித்தார். "இந்தம்மா வேலைக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க!"

"ஒழுங்கா வந்தாங்களா?"

"ஒரு நாள் விடல சார்!" பச்சைச் சேலைக்காரியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

"அப்புறம் ஏன் ஒரு படத்துலகூட மூஞ்சி இல்ல?"

பச்சைச் சேலைக்காரி காலில் இல்லாத முள்ளைத் தேட ஆரம்பித்தாள். நாத்தனார் முன்வரிசையில் கையைச் சேலைக்குள் வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோ யாரையும் பார்க்கவில்லை.

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள இந்த வேலைய முடிச்சிடலாம். கூட்டம் நடந்ததுக்குப் படம் வேணும். யார் மூஞ்சி அதுல விழுதோ அவங்க மட்டும்தான் வந்ததா கணக்கு." கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பொறுப்பாளர் நீங்கதானே? நீங்களே எடுங்க."

தன் போனை நீட்டினார். நாத்தனார் எழுந்தார். வாங்கினார். பத்தடி பின்னால் போய்த் திரும்பி நின்று, இரண்டு கையாலும் போனை உயர்த்தினார். போன் அப்படியும் இப்படியும் ஆடியது. அதிகாரி குனிந்து, மேசையின் இழுப்பறைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் இன்னும் பார்க்கவில்லை.

இங்கே வந்து நின்றுவிட்டேன். ஸ்டூடியோ எழுந்து போய்ப் போனை வாங்கினால் நாத்தனாரின் கை தப்பித்தது. அவள் முகம் இந்தப் படத்திலும் இல்லை, பெயர் போனது போனதுதான். எழாமல் உட்கார்ந்திருந்தால் அவள் முகம் விழும். அல்லது கலங்கலாக எதுவும் விழாது, அதிகாரி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்ப்பார். இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அக்காவிடம் படித்தேன்.

அக்கா தாள்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள், "இருக்குறது ஒரு இடம்னு சொல்லி ரெண்டு பேரையும் மோத விட்டது யாரு?"

"ஆபீஸ்தான். அந்த விதி."

"ஆபீஸ் பாதி. மீதி நீ. ரெண்டு பொம்பளைங்க கழுத்துல முடிவைக் கட்டித் தொங்கவிட்டுட்டு, எவ விழறான்னு வேடிக்கை பார்க்குற. அத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்களே, அவங்க வாய்க்கு என்ன பூட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. அந்த வராந்தாவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒவ்வொரு படத்திலும் அவர்கள் பார்த்தது அவளைத்தான், சிரித்தது அவளைப் பார்த்துத்தான். யாராவது எழுந்து, "சார், அந்தம்மாவுக்குக் கை நடுங்கும், அதனால இவ எடுத்தா. ரெண்டு பேரும் வேலை செஞ்சாங்க, நாங்க எல்லாரும் சாட்சி. ஒருத்தரை எடுக்கணும்னா எங்க எல்லாரையும் எடுங்க," என்று சொன்னால் கதை வேறு பக்கம் திரும்பும்.

பச்சைச் சேலைக்காரியைச் சொல்லவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அவள் என் கற்பனை. அவளுக்கு நாளைக்கு வேலை போனால் என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குறையாது. அவளுக்கு நான் தைரியம் கொடுப்பது வள்ளல்தனம் ஆகாது.

அதனால் அவளை அப்படியே விட்டுவிட்டேன், குனிந்தபடி, முள் தேடியபடி. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறாள். அங்கே யாரையும் நான் எழுதவில்லை. அதிகாரிக்குப் பேனா கிடைத்துவிட்டது, நிமிரப் போகிறார். ஸ்டூடியோ எழுவதற்காகத் தரையில் கையை ஊன்றிவிட்டாள். பச்சைச் சேலைக்காரி பக்கத்து இடத்தில் நீங்கள் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள்.